எக்ஸ் துயில்: ‘செயலிழப்பு’க்கு மாற்றாக ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஐயா, அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பெண்ணின் உயிரணுவிலுள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அமைதியாகிவிடுவதை ஆங்கிலத்தில் எக்ஸ் இனாக்டிவேஷன் என்பர். அதற்குத் தாங்கள் முன்மொழிந்த ‘எக்ஸ் செயலிழப்பு’ இலக்கணத்தில் பிழையற்றது. ஆயினும் லூப்பஸ் போன்ற, உடலின் நோயெதிர்ப்பு தன் உடலையே தாக்கும் தன்னுடல் தாக்குநோய் உடையவர்களுக்காக நாம் எழுதும் கையேட்டில் அச்சொல் வரக் கூடாது என்பதே என் கருத்து.

ரோஸ் ஹில்லில் இருக்கும் என் அக்காவுக்குப் பல ஆண்டுகளாக லூப்பஸ் உண்டு. ஓராண்டு தைப்பூசக் காவடியன்று, மொரீசியசின் கோடை வெயிலில் கோயில்வரை நடந்து வந்த மறுநாள், மூக்கின் இருபுறமும் பட்டாம்பூச்சி இறகு விரித்தாற்போல் கன்னங்கள் சிவந்து தடித்துவிட்டன. அதன்பின் அவர் நிழலில் நின்றுதான் காவடியைப் பார்க்கிறார். வீட்டில் நாங்கள் பேசுவது கிரியோல் என்றாலும் அவர் தமிழைத் தடையின்றி வாசிப்பவர். கையேட்டின் வரைவைக் கொடுத்தபோது ‘செயலிழப்பு’ என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. மற்றொரு கை இடுப்பின் பின்புறம் போனது. “தம்பி, இது சிறுநீரகத்தைப் பற்றியதா?” என்று கேட்டார். லூப்பஸ் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய நோய். ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்ற தொடரையோ அவர் அஞ்சி அஞ்சி வாசித்திருக்கிறார். அவர் பிழைபட வாசிக்கவில்லை, நாம்தான் பிழையான சொல்லைக் கொடுத்தோம்.

‘எக்ஸ் முடக்கம்’ என்ற மாற்றும் உதவாது; முடக்குவாதமே ஒரு தன்னுடல் தாக்குநோய் ஆதலால் இரண்டும் குழம்பும். ‘ஒடுக்கம்’ வேதியியலில் ஏற்கெனவே வேறு பொருளில் வழங்குகிறது.

சொல் குறிக்க வேண்டிய பொருளை ஒருமுறை நோக்குவோம். பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு. ஆணுக்கு ஒன்றுதான், உடன் இருக்கும் ஒய் மிகச் சில மரபணுக்களையே கொண்டது. இரண்டு எக்ஸும் ஒருசேர இயங்கினால் அவற்றின் மரபணுக்கள் தரும் புரதங்கள் இருமடங்காகும் என்பதால், கரு வளரத் தொடங்கும் காலத்திலேயே ஒவ்வோர் உயிரணுவும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை அமைதியாக்கிவிடுகிறது. 1961-இல் மேரி லயன் இதனை எலிகளைக் கொண்டு விளக்கினார். அமைதியாகும் எக்ஸிலிருந்தே எக்ஸிஸ்ட் என்னும் நீண்ட ஆர்.என்.ஏ. சுரந்து, அதனைப் போர்வைபோல் மூடிக்கொள்கிறது. ஆகவே இது பழுதன்று, உடல் நாள்தோறும் காக்கும் ஒழுங்கு. மேலும், கருமுட்டையாகப் போகும் உயிரணுக்களில் அந்த எக்ஸ் மீண்டும் இயங்கத் தொடங்குகிறது. இழந்தது திரும்பாது, உறங்கியது எழும். அதனால்தான் ‘எக்ஸ் துயில்’ என்கிறேன். அறிதுயில் என்ற அழகிய சொல் முதலில் என் மனத்தில் வந்தது. ஆனால் அது ஹிப்னாடிசத்துக்கு வழங்கிவிட்டதால் விட்டுவிட்டேன்.

இனி, துயிலிலும் அடங்காமல் இயங்கும் மரபணுக்களுக்கு என்ன பெயர்? நம் கையேட்டின் உயிரே இங்குதான் இருக்கிறது. லூப்பஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். நோயெதிர்ப்புக்குரிய டி.எல்.ஆர்.7 என்னும் மரபணு எக்ஸில் உள்ளது. நோயெதிர்ப்பு உயிரணுக்கள் சிலவற்றில் அது துயிலுக்கு உட்படாமல் இரண்டு எக்ஸிலிருந்தும் இயங்குகிறது. எக்ஸ், எக்ஸ், ஒய் என மூன்றும் உடைய ஆண்களுக்கு, பிற ஆண்களைவிட லூப்பஸ் ஏறத்தாழ 14 மடங்கு மிகுதியாக வருகிறது என்பதும், இதில் எக்ஸின் எண்ணிக்கைக்குப் பங்குண்டு என்று காட்டுகிறது. போர்வையாகிய எக்ஸிஸ்டுக்கும் பங்குண்டு: ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் சாங் குழுவினர், நோய்க்கு எளிதில் ஆட்படும் வகை ஆண் எலிகளில் எக்ஸிஸ்டைச் சுரக்கவைத்து நோயைத் தூண்டியபோது, அவற்றுக்குப் பெண் எலிகளை ஒத்த அளவில் லூப்பஸ் போன்ற நோய் கண்டதை 2024-இல் வெளியிட்டனர். அந்த ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிய புரதங்களையே உடல் அயலாகக் கருதித் தாக்குகிறது என்பது அவர்கள் கருத்து.

துயிலுக்குத் தப்பிய இம்மரபணுக்களை ஆங்கிலத்தில் ‘எஸ்கேப்’ மரபணுக்கள் என்பர். அதை அப்படியே ‘தப்பு மரபணு’ என்று எழுதினால், தப்பித்தது என்று யாரும் வாசிக்கமாட்டார்கள். தவறானது என்றே வாசிப்பார்கள். ‘அடங்கா மரபணு’ அதனினும் கொடிது. அடங்காதவள் என்று எத்தனை பெண்களை நம் வீடுகளில் ஏசியிருக்கிறோம்! அதே சொல்லை நோயுற்ற பெண்ணின் உடலுக்குள்ளும் கொண்டுபோய் வைக்க என் மனம் இசையவில்லை. ‘விழிப்பு மரபணு’ என்போம். துயிலோடு இயல்பாகச் சேரும். எவர்மீதும் பழி சுமத்தாது.

கையேட்டில் இவ்வாறு எழுதலாம்: “பெண்ணின் உடலில் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஓர் எக்ஸ் துயில்கொள்கிறது, அதில் விழித்திருக்கும் சில மரபணுக்கள் நோயெதிர்ப்பை மிகுவிக்கின்றன.” நேற்று மாலை இத்தொடரை அக்காவிடம் காட்டினேன். அவர் கை இம்முறை இடுப்புக்குப் போகவில்லை. “எது உறங்கும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?” என்று கேட்டார். அது உயிரணுவுக்கு உயிரணு தற்செயலாய் அமைவது என்பதையும் அடுத்த வரியில் சேர்க்க வேண்டும், ஐயா.