டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பாவின் தோளில் கல் போன்ற கட்டி

கேள்வி (காசிமேடு):
58 வயதாகும் என் அப்பா ஆறு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவில் தோன்றிய கட்டி, எட்டு மாதங்களில் சாத்துக்குடி அளவுக்கு வளர்ந்துவிட்டதால், சட்டை போடுவதற்குக்கூட நான் கையைப் பிடித்துவிட வேண்டியிருக்கிறது. கொழுப்புக் கட்டி என்றார்கள்; எக்ஸ்ரேயில் மூட்டைச் சுற்றிச் சுண்ணாம்பை அப்பியது போல் வெள்ளையாகத் தெரிகிறது. இரத்தத்தில் கால்சியம் 10.4, பாஸ்பரஸ் 8.1. அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாமா?

பதில் (டயாலிசிஸ் செவிலியர், தண்டையார்பேட்டை):
அந்த இரண்டு எண்களையும் பெருக்கினால் ஏறத்தாழ 84 வருகிறது. 70-ஐத் தாண்டினாலே இவ்விரு உப்புகளும் சேர்ந்து தோள், இடுப்பு, முழங்கை மூட்டுகளைச் சுற்றிப் படியும் ஆபத்து கூடுகிறது. உண்ணும் பாஸ்பரஸ் முழுவதையும் நான்கு மணி நேர டயாலிசிஸால் வெளியேற்ற முடிவதில்லை. அதனால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் தூண்டப்பட்டு, எலும்பிலிருந்து கால்சியத்தை இழுத்து இரத்தத்தில் விடுகின்றன. இதைச் சரிசெய்யாமல் கட்டியை மட்டும் அறுத்தெடுத்தால், அது மீண்டும் வளரக்கூடும். அவர் எடுத்துக்கொள்ளும், பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை கால்சியம் கலந்ததா, வைட்டமின் டி மாத்திரையும் உண்டா என்று பாருங்கள். கால்சியம் இல்லாத செவலமர் என்ற மாத்திரைக்கு மாற்றலாமா என்பதைச் சிறுநீரக மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்; நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். கட்டி சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வெடித்து வெள்ளையாகக் கசிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பதில் (திருவொற்றியூர்):
சகோதரி, என் கணவருக்கு இடது இடுப்பில் இதே கட்டி இருந்தது. பாஸ்பரஸ் மாத்திரை குடலில் உணவோடு கலந்தால்தான் வேலை செய்யும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லாததால், ஓராண்டு முழுவதும் படுக்கும் முன் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துவந்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. பாராதைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கட்டி மெல்ல மெல்லக் கரைந்து, இப்போது தரையில் அமர்ந்து சாப்பிடுகிறார். நம் பகுதியில் மீனை விடச் சொல்வது கடினம்தான். ஆனால் பாஸ்பரஸ் சேரும் என்பதால், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலிக் கருவாட்டையும் கோலா பானங்களையும் அறவே நிறுத்திவிட்டோம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன்: கால்சியம் அசிடேட். அதை அப்பா இரவு பத்து மணிக்குப் பாலுடன் விழுங்கிவந்திருக்கிறார். வியாழக்கிழமை டயாலிசிஸுக்குப் போகும்போது அட்டையையும் எக்ஸ்ரேயையும் மருத்துவரிடம் காட்டி, பாராதைராய்டு ஹார்மோன் பரிசோதனை பற்றியும் கேட்கிறேன்.