வரைபடம் கைக்கு வந்த பிறகும் கட்டடக் கலைஞர் தேவையா?

புதுமனை கேட்டது:

வணக்கம். இரண்டு தளங்கள் கொண்ட வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கவிருக்கிறோம். எங்கள் கட்டடக் கலைஞர் வடிவமைப்பை முடித்து, அனுமதிக்கு வேண்டிய வரைபடங்களையும் கொடுத்துவிட்டார். இனி வேலை வரைபடங்களைத் தயாரிப்பதற்கும், ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும், வீட்டை ஒப்படைக்கும் வரை உடனிருந்து கவனிப்பதற்கும் தனிக் கட்டணம் கேட்கிறார். ஒப்பந்ததாரரோ, "பிளான்தான் கையில் இருக்கிறதே, எங்களிடம் பொறியாளரும் இருக்கிறார், இனி அவர் எதற்கு?" என்கிறார். வடிவமைப்பு முடிந்த பிறகு கட்டடக் கலைஞர் உண்மையில் என்ன செய்கிறார், அவர் இல்லாவிட்டால் எது கெடும் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மூலைமட்டம் எழுதியது:

நான் இதே தொழிலில் இருப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பதிலை அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இப்போது இருப்பது அனுமதி வரைபடம். அறைகளின் அளவு, மனையைச் சுற்றி விடவேண்டிய இடம், உயரம் ஆகியவை விதிகளுக்கு உட்பட்டவையா என்று அதிகாரிகள் பார்ப்பதற்காக வரையப்பட்டது அது. அதை வைத்துக்கொண்டு ஒரு கொத்தனார் சுவரை எழுப்பிவிடலாம். ஆனால் குளியலறைத் தளத்தை எவ்வளவு தாழ்த்திப் போடுவது, கழிவுநீர்க் குழாய் எந்த உத்தரத்துக்கு அடியில் போகும், சன்னல் சட்டம் பூச்சோடு எங்கே முடியும் என்பன போன்ற நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு அதில் விடை இருக்காது. விடை இல்லாத இடத்தில் வேலை நின்றுவிடாது. அன்று அங்கே இருப்பவர் ஏதோ ஒரு முடிவை எடுத்துவிடுவார். வேலை வரைபடம் என்பது அந்த முடிவுகளை முன்கூட்டியே, ஒன்றோடொன்று முரண்படாதபடி எடுத்து வைப்பது.

படிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படிகளையும் 150 மி.மீ. உயரத்தில் கான்கிரீட்டில் வார்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் சாந்தும் டைல்ஸும் சேர்ந்து 50 மி.மீ. ஏறுகின்றன, படிகளின் மேல் ஒட்டும் கல் 20 மி.மீ. மட்டுமே ஏறுகிறது. முடிவில் முதல் படி 120 மி.மீ. ஆகக் குறைந்து, கடைசிப் படி 180 மி.மீ. ஆக உயர்ந்து நிற்கும். கால் ஒரே சீரான உயரத்தை எதிர்பார்த்து ஏறுவதால், தடுக்கி விழுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். இதைத் தவிர்க்க வேண்டுமானால் கான்கிரீட் வார்க்கும்போதே முதல் படியை 180 ஆகவும் கடைசிப் படியை 120 ஆகவும் வைக்க வேண்டும். வார்க்கும் நாளில் அது கோணலாகத்தான் தெரியும், மேஸ்திரி நிச்சயம் ஆட்சேபிப்பார். ஆகவே எந்தத் தரையில் என்ன பொருள் வரும் என்பது அடித்தளம் தோண்டும் கட்டத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும். அந்த முடிவை உங்களிடமிருந்து உரிய காலத்தில் கேட்டு வாங்குவது கட்டடக் கலைஞரின் வேலை.

பிரிட்டனின் கட்டடக் கலைஞர் கழகமான ரிபா 1963-இல் ஒரு பணித் திட்டத்தை வெளியிட்டது. இன்று அது 0 முதல் 7 வரை எட்டுக் கட்டங்களாக இருக்கிறது. அனுமதி விண்ணப்பம் வழக்கமாக மூன்றாம் கட்டத்தின் முடிவில் அனுப்பப்படும். தொழில்நுட்ப வடிவமைப்பு, கட்டுமானம், ஒப்படைப்பு, பயன்பாடு ஆகிய நான்கும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

தூக்குக்குண்டு எழுதியது:

நான் கட்டுமான இடத்தில் பொறியாளராக இருப்பவன். மேலே சொன்னதை மறுக்கவில்லை; ஆனால் ஒரு தவறான எதிர்பார்ப்பு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கட்டடக் கலைஞர் நாள் முழுவதும் கட்டுமான இடத்தில் நிற்பவர் அல்லர். சாரம் கட்டுவதும், ஆட்களை வைத்து வேலை வாங்குவதும், பாதுகாப்பைப் பார்ப்பதும் ஒப்பந்ததாரரின் பொறுப்பு. கம்பியின் தடிமனையும் இடைவெளியையும் தீர்மானிப்பவர் கட்டமைப்புப் பொறியாளர். 150 மி.மீ. கனச்சதுர அச்சில் கான்கிரீட்டை வார்த்து, 28-ஆம் நாள் நசுக்கிப் பார்க்கும் வலிமைச் சோதனையை எங்களைப் போன்றவர்கள் ஏற்பாடு செய்வோம். கட்டடக் கலைஞர் வந்தாக வேண்டியது, ஒரு வேலை இன்னொன்றை மூடி மறைக்கப் போகும் தருணங்களில். மனையில் மூலைகளைக் குறிக்கும் நாள், தளத்துக்குக் கம்பி கட்டி முடித்துக் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள், சுவரில் குழாய்களையும் ஒயரிங்கையும் பதித்துப் பூச்சு வேலை தொடங்குவதற்கு முன், குளியலறையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு முடிந்து டைல்ஸ் ஒட்டுவதற்கு முன். இந்த நாட்களில் அவர் வராமல் மற்ற நாட்களில் எத்தனை முறை வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனாலும் பயனில்லை.

இன்னொன்று: எங்களுக்குத் தலைவலி கொடுப்பது மோசமான வரைபடத்தைவிடத் தாமதமான பதில்தான். உத்தரத்தின் குறுக்கே குழாய் போகிறது, என்ன செய்வது என்று கேட்டால், மறுநாளே கட்டமைப்புப் பொறியாளரிடம் பேசித் திருத்திய வரைபடத்தை அனுப்புகிறவர் கிடைத்தால் கட்டணத்துக்கு யோசிக்காதீர்கள். பதில் வராவிட்டால் எங்கள் ஆட்களில் யாராவது உத்தரத்தைக் கொத்திவிடுவார்கள்.

புதுமனை எழுதியது:

இருவருக்கும் நன்றி. அடுத்து ஓர் ஐயம். சமையலறையின் அமைப்பை நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அடித்தள வேலையைத் தொடங்கிவிட்டு, அதற்குள் முடிவு செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறோம். மேலும், ஒப்பந்ததாரர் கேட்கும்போதெல்லாம் பணம் கொடுக்கலாமா?

வரைபலகை எழுதியது:

சிட்னி ஓப்பரா மாளிகையின் கதை உங்கள் முதல் கேள்விக்குப் பொருந்தும். டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சனின் வடிவமைப்பு 1957-இல் தேர்வு செய்யப்பட்டது. மேலே வரவேண்டிய, சிப்பி ஓடு போல வளைந்த கான்கிரீட் கூரையை எந்த வடிவியலில் கட்டுவது என்பது தீராத நிலையிலேயே, அரசின் அவசரத்தால் 1959-இல் அடிமேடை வேலை தொடங்கியது. அந்த வளைந்த கூரைப் பகுதிகள் அனைத்தையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டியெடுத்தாற்போல் அமைக்கலாம் என்ற தீர்வு பிறகுதான் கிடைத்தது. அதற்குள் எழுப்பப்பட்டிருந்த தூண்கள் கூரையின் பாரத்தைத் தாங்கப் போதவில்லை, அவற்றை மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. உட்சன் 1966-இல் விலகினார். கட்டடம் 1973-இல் திறக்கப்பட்டபோது, 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலராக இருந்த முதல் மதிப்பீடு 10 கோடியே 20 லட்சமாக வளர்ந்திருந்தது. அரசியல் உள்ளிட்ட வேறு காரணங்களும் அதில் உண்டு. ஆனால் மேலே வருவது தெரியாமல் கீழே கட்டியது பெரிய காரணம்.

உங்கள் சமையலறை அவ்வளவு பெரிய விஷயம் அல்ல. அலமாரியின் நிறத்தைப் பிறகு முடிவு செய்யலாம். ஆனால் பாத்திரம் கழுவும் தொட்டி எந்தச் சுவரில் வரும் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். கழிவுநீர் வெளியேறும் இடமும் வெளிப்புறத் தொட்டிகளின் மட்டமும் அதைப் பொறுத்தவை. எந்த முடிவுக்கு எந்த நாள் கெடு என்று ஓர் அட்டவணையைக் கட்டடக் கலைஞரிடம் கேட்டு வாங்குங்கள். கெடுவுக்குப் பின் மாற்ற விரும்பினால், கூடுதல் செலவையும் நாட்களையும் எழுத்தில் பெற்று, நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே வேலை மாற வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒப்பந்ததாரர் முடித்த வேலைக்குப் பில் கொடுக்க, கட்டடக் கலைஞர் அதை அளந்து பார்த்துச் சான்றளிக்க, அதன் பிறகு நீங்கள் கொடுப்பதே முறை. இந்த இடத்தில் அவர் உங்கள் ஆளாக மட்டும் நடந்துகொள்ளக் கூடாது. சரியாகச் செய்த வேலைக்கு உரிய தொகையை ஒப்பந்ததாரருக்கு மறுக்காமலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் ஒரு சிறு பகுதியைப் பிடித்து வைத்து, குறைகளைச் சரிசெய்யும் காலம் முடிந்ததும் விடுவிப்பார்கள். அந்தக் காலமும் பிடிக்கும் விகிதமும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும்.

ஒப்படைப்புக்கு முன் கட்டடக் கலைஞர் ஒவ்வோர் அறையாக நடந்து குறைப் பட்டியல் தயாரிப்பார்: மூடாத கதவு, தண்ணீர் தேங்கும் மூலை, தட்டினால் வெற்றொலி தரும் டைல்ஸ். பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கட்டியபடியே திருத்திய இறுதி வரைபடங்களையும், பூச்சுக்கு முன் எடுத்த குழாய், ஒயரிங் புகைப்படங்களையும் கேட்டு வாங்குங்கள். பிற்காலத்தில் சுவரில் துளையிடும்போது அவைதான் கைகொடுக்கும். கடைசித் தவணையை அவை கைக்கு வந்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.