கல்யாண மண்டபத்துக்கும் பனியன் பட்டறைக்கும் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்துமா?

ஈரோடு கணக்கர்

கொங்குப் பகுதியில் அண்மையில் எழும்பியுள்ள கல்யாண மண்டபங்களில் கார் நிறுத்த ஏக்கர்க் கணக்கில் இடம் விடுகிறார்கள்; சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் வைப்பதில்லை. சென்ற வைகாசி முகூர்த்தத்தில் நான் சென்றிருந்த மண்டபத்தில் மணமேடை மாடியிலும் பந்தி கீழ்த்தளத்திலும் இருந்தன. இரண்டுக்கும் படிக்கட்டு மட்டுமே. அண்டாவும் கேஸ் சிலிண்டரும் இறக்கும் பின்புறச் சரிவு வழியாக, கழுவிப் போட்ட பாத்திரங்களுக்கு நடுவே, ஈரத்தரையில் என்னைத் தள்ளிச் சென்று பந்தியில் சேர்த்தார்கள். மணமேடைக்கு என்னால் போகவே முடியவில்லை. மேலாளரைக் கேட்டபோது, "இது தனியார் இடமுங்க, அந்தச் சட்டமெல்லாம் கவர்மெண்டுக்குத்தான்" என்றார்.

அது உண்மையல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 'நிறுவனம்' என்ற வரையறைக்குள் தனியாரையும் சேர்த்தே வைத்திருக்கிறது. அணுகல் விதிகளுக்குப் பொருந்தாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியோ, கட்டி முடித்த பின் நிறைவுச் சான்றிதழோ வழங்கக் கூடாது என்று அதன் 44ஆம் பிரிவு சொல்கிறது. அந்த மண்டபம் திறந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன. சட்டமோ 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

திருப்பூர் உற்பத்தியாளர்

வணக்கம் அண்ணா. உங்களுக்கு நேர்ந்தது யாருக்கும் நேரக் கூடாது. ஆனால் மண்டபத்தையும் பிறர் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் என்னைப் போன்ற ஜாப் ஒர்க் பட்டறைக்காரனையும் ஒரே சட்டத்தில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் பவர் டேபிள்கள், அதாவது தையல் இயந்திர மேசைகள், வாடகைக் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கின்றன. உரிமையாளர் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க விடமாட்டார். சாய்தளம் 1:12 சரிவில் இருக்க வேண்டும் என்கிறார்கள். வாசற்படியின் மூன்றடி உயரத்துக்கே 36 அடி நீளம் வேண்டும், எங்கள் சந்தில் அவ்வளவு இடமே கிடையாது. ஆர்டர் வந்தால்தான் சனிக்கிழமை சம்பளம் என்று ஓடும் தொழில் இது. சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளுக்கும் நான் வசதி செய்ய வேண்டுமென்றால், அந்தச் செலவை அரசு ஏற்கட்டும்.

கோவை வழக்கறிஞர்

இருவரும் இரண்டு வெவ்வேறு கடமைகளைப் பேசுகிறீர்கள். பொதுமக்கள் வந்து போகும் கட்டடத்தை எல்லாரும் நுழையும்படி முன்கூட்டியே அமைப்பது ஒன்று. குறிப்பிட்ட ஒருவர் வந்து கேட்கும்போது அவருக்குத் தேவையான மாற்றத்தைச் செய்து தருவது மற்றொன்று. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியதோடு, அணுகல் தரங்களை வெறும் பரிந்துரை போல ஆக்கியிருந்த, இச்சட்டத்தின் கீழ் நடுவண் அரசு வகுத்த விதிகளில் 15ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாயத் தரங்களை வகுக்குமாறு நடுவண் அரசுக்கு உத்தரவிட்டது. மண்டபம் முதல் வகையில் வரும்.

தம்பியின் பட்டறையைப் பொறுத்தவரை பெரும்பாலும் எழுவது இரண்டாவது கேள்வி. அளவுக்கு மீறிய சுமையை ஏற்படுத்தாத மாற்றத்தையே சட்டம் கேட்கிறது, அதையும் நபருக்கு நபர் பார்த்தே முடிவு செய்கிறது. ஆகவே 21 வகைக்கும் இன்றே வசதி செய்து வைக்க வேண்டும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. ஆனால் செய்யக்கூடிய மாற்றத்தை மறுத்தால், அந்த மறுப்பே பாகுபாடு என்று 2ஆம் பிரிவு சொல்கிறது.

கோபி தாய்

என் மகனுக்குக் காது கேட்காது. செக்கிங் மேசையில் வேலை கேட்டுப் போன ஓர் இடத்தில், ஷிஃப்ட் மணி அடித்தால் தெரியாது என்று திருப்பி அனுப்பினார்கள். இப்போது வேலை செய்யும் இடத்தில் மணியோடு ஒரு சிவப்பு பல்பை இணைத்திருக்கிறார்கள். ஆன செலவு சில நூறு ரூபாய். தையல் பிரிந்ததையும் ஊசி ஓட்டையையும் அவன் கண் தவற விட்டதாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

திருப்பூர் உற்பத்தியாளர்

பல்பு மாட்ட நான் தயங்க மாட்டேன் அம்மா. நான் கேட்பது வேறு. தீப்பிடித்தால் மாடியிலிருந்து இறங்க முடியாதவரை வேலைக்கு வைத்து, நாளை அவர் உயிருக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? அவர் நன்மைக்காக மறுப்பதும் குற்றமா?

கோவை வழக்கறிஞர்

பாதுகாப்பு நியாயமான நோக்கம்தான். ஆனால் அந்த நோக்கத்துக்கு ஏற்ற அளவான வழியாக அந்த மறுப்பு இருந்தது என்று காட்டும்போதுதான் 3ஆம் பிரிவு அதை ஏற்கும். பேக்கிங்கைக் கீழ்த்தளத்தில் வைக்க முடியுமா என்று யோசித்துக்கூடப் பார்க்காமல் வாசலிலேயே மறுத்தால், அது நன்மை என்ற பெயரில் கதவைச் சாத்துவதுதான்.

பொள்ளாச்சி ஆசிரியர்

சட்டத்தின் அழகையே பேசுகிறீர்கள், பல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. முதல் மீறலுக்கு 89ஆம் பிரிவின்படி அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். முகூர்த்த நாளில் மண்டபத்துக்கு அது பூ அலங்காரச் செலவுக்குக்கூடக் காணாது. மாற்றுத்திறனாளிகளின் புகார்களை விசாரிக்கும் மாநில ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் விசாரணை அதிகாரங்கள் உண்டு, ஆனால் விசாரணையின் முடிவில் அவர் தருவது பரிந்துரை. இப்படி ஒரு சட்டத்துக்குத் தம்பி அஞ்சுவதும் வீண், அண்ணன் நம்புவதும் வீண்.

ஈரோடு கணக்கர்

மீண்டும் மீறினால் அபராதம் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை என்பதையும் அதே பிரிவுதான் சொல்கிறது, ஐயா. ஆணையரின் பரிந்துரையை ஏற்காத அதிகாரி மூன்று மாதத்துக்குள் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காரணத்தை உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். மண்டபத்தின் வரைபட அனுமதியையும் நிறைவுச் சான்றிதழையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு விண்ணப்பித்துவிட்டேன். கையெழுத்திட்டவர் யார் என்று தெரிந்ததும், 44ஆம் பிரிவைக் காட்டி ஆணையரிடம் மனுக் கொடுக்கப் போகிறேன்.

தம்பி, அரசு செலவை ஏற்க வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் நியாயம் உண்டு. மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு வைக்கும் தனியாருக்கு ஊக்கத்தொகை தரச் சொல்லும் 35ஆம் பிரிவு அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் சங்கம் அதைக் கேட்டு மனு எழுதினால் நானும் கையெழுத்திடுகிறேன். ஆனால் அது வரும்வரை ஆளை எடுக்க மாட்டேன் என்றால், நான் உங்களுக்கு எதிர்ப்பக்கம்தான்.