இருப்பா, விடுகையா? ஏரியில் மீன்குஞ்சு விடுவதற்கு ஒரு சொல்

குழுவில் அனைவருக்கும் வணக்கம்.

ஏரி, அணை மீன்பிடிப்புக்கு ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போவது காவேரிப்பட்டணம், பாரூர், போச்சம்பள்ளிப் பக்கத்து ஏரிக் குத்தகைக்காரர்களும், கிருஷ்ணகிரி அணையான கே.ஆர்.பி. டேமில் வலை போடுகிறவர்களும். அதனால் சொல்லுக்கு அதிகம் அலையவில்லை. வீச்சுவலை, தங்கூசி வலை, தக்கை, வலைக்கண் என்று பாதிச் சொற்கள் கரையிலேயே கிடந்தன, பொறுக்கிக்கொண்டேன். விரல் நீளக் குஞ்சுக்கு ‘விரலி’ என்று முன்பே யாரோ செய்துவைத்ததும் நன்றாக ஒட்டிக்கொண்டது. வளர்ப்பதற்காகக் குஞ்சை ஏரியில் விடுகிற ஸ்டாக்கிங் என்ற ஒன்றுதான் இடிக்கிறது.

இதற்கு இப்போது புழங்குவது ‘இருப்பு செய்தல்’. மீன்குஞ்சு இருப்பு செய்யப்பட்டது, இருப்பு அடர்த்தி என்றெல்லாம் நானும் பல வருடமாக எழுதிவந்தவன்தான். ஆடி மாதம் ஓர் ஏரிக்கரையில் உட்கார்ந்து வரைவை வாசித்துக் காட்டினேன். ‘சிறிய ஏரிக்கு இருப்பு: ஹெக்டேருக்கு 1000’ என்ற வரி வந்ததும் குத்தகைக்காரர் நிறுத்தச் சொன்னார். “இருப்பு எவ்வளவுன்னு தண்ணிக்குள்ள எறங்கி எண்ணுனீங்களா சார்?”

எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. இருப்பு என்றால் இருப்பது. கடையில் சரக்கு இருப்பு, பெட்டியில் கையிருப்பு. ஏரியில் இன்றைக்கு எத்தனை மீன் உயிரோடு திரிகிறதோ அதுதான் ஏரியின் இருப்பு. நாம் கொண்டுபோய் விடுவது வேறு கணக்கு. 1000 விட்டால் 1000 இருக்காது. விரால் தின்னும், நீர்க்காகம் தின்னும், ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனால் ஒரு பங்கு தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். இரண்டு கணக்கையும் ஒரே பக்கத்தில் இருப்பு என்று எழுதிவைத்தால் படிக்கிறவர் எதில் எதைக் கழிப்பார்?

ஜிலேபியை எடுத்துக்கொள்ளுங்கள். 1952இல் இந்தியாவுக்கு வந்த மீன். முட்டையைத் தாய் வாயிலேயே வைத்து அடைகாக்கும், தேங்கிய தண்ணீரிலேயே பெருகும். எப்போதோ யாரோ விட்டது, இன்று வேண்டாம் என்றாலும் வலையில் ஏறுகிறது. விட்டது சொற்பம், இருப்பு ஏராளம். கட்லாவும் ரோகுவும் நேர் எதிர். ஓடுகிற வெள்ளம் இல்லாமல் அவை முட்டையிடுவதில்லை. ஏரிக்காரர்கள் வருடாவருடம் குஞ்சு வாங்குவது அதனால்தான்.

கரையில் என்ன சொல்கிறார்கள்? ‘குஞ்சு விடுறது’, அவ்வளவுதான். அன்றைக்கே அதையும் பார்த்தேன். ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பைகள் வண்டியில் வந்து இறங்கின. உடனே அவிழ்க்கவில்லை. பையோடு கால்மணி நேரம் ஏரியில் மிதக்கப் போட்டார்கள், உள்ளே இருக்கும் சூடும் ஏரித் தண்ணீரின் சூடும் ஒன்றாகட்டும் என்று. அப்புறம் வாயை அவிழ்த்து, கொஞ்சம் ஏரித் தண்ணீரை உள்ளே சேர்த்து, பையைச் சாய்த்துப் பிடித்தார்கள். குஞ்சுகள் கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே சுற்றிவிட்டு, ஒன்று வெளியே போனதும் மொத்தமாக அதன் பின்னால் போயின. குத்தகைக்காரரின் மகன் பொறுமையில்லாமல் ஒரு பையைக் கவிழ்க்கப் போனான். “கொட்டாதடா, விடு” என்று அதட்டினார். அந்த ‘விடு’வில் இருக்கும் பதம் ‘இருப்பு செய்’யில் எங்கே இருக்கிறது?

என் பரிந்துரை: விடுகை. வருகை, செய்கை போல. குஞ்சு விடுகை, விடுகை அடர்த்தி, மிகைவிடுகை, மறுவிடுகை என்று கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. இருப்பு அதன் சொந்தப் பொருளிலேயே ஸ்டாக்குக்கு இருக்கட்டும்.

கூடவே இன்னொன்று. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வந்தால் பாரூர் ஏரிக்கு மீனும் கூடவே வருகிறது. யாரும் விடாமல் தானாகச் சேர்வதை ஆட்டோ ஸ்டாக்கிங் என்கிறார்கள். நீர்வரத்து என்கிறோமே, அதேபோல் மீன்வரத்து என்றால் சரிவருமா?

*

தம்பி, பென்னாகரத்திலிருந்து எழுதுகிறேன்.

விடுகையில் எனக்கு இரண்டு தயக்கம். இலங்கையில் பள்ளியை விட்டுப் போகும்போது வாங்குவது விடுகைப் பத்திரம். சரி, அதனால் யாரும் குழம்பப்போவதில்லை, விட்டுவிடலாம். இரண்டாவதுதான் சிக்கல். கே.ஆர்.பி. டேம் கால்வாயில் பாசனம் செய்கிறவரிடம் ‘விட்டாச்சா?’ என்று கேட்டுப்பாருங்கள். தண்ணீரைத்தான் சொல்வார். ‘அணையில் விடுகை 500’ என்று எழுதினால் கன அடியா, குஞ்சா?

‘மீன் விதைப்பு’ என்று வைத்தால் என்ன? மீன்குஞ்சுக்கு மீன்விதை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. விதை என்றால் விதைக்கத்தானே வேண்டும்? நம் பக்கம் கேழ்வரகு விதைக்கிறவருக்கு நெருக்கி விதைத்தால் என்ன ஆகும் என்று சொல்லித்தரவே வேண்டாம். அடர்த்தி தானாகப் புரிந்துவிடும்.

மீன்வரத்தை மறந்துவிடுங்கள். ‘மீன் வரத்து குறைவு, விலை உயர்வு’ என்று பேப்பரில் அடிக்கடி வருகிறதே, அது மார்க்கெட்டுக்கு வரும் மீன். அந்தச் சொல்லை அவர்களிடமிருந்து பிடுங்க முடியாது.

ஆனால் நீங்கள் இரண்டையும் பிரித்தது சரி. மேட்டூர் 120 அடி நிரம்பினால் தேங்கிய தண்ணீர் எங்கள் நாகமரையையும் தாண்டி நிற்கும். அணைப் பக்கம் விட்ட குஞ்சு இங்கே பரிசல்காரர் வலையில் ஏறுகிறது. எங்களுக்கு அது விட்டதா, வந்ததா?

*

ஐயா, நன்றி.

விதைப்பு நல்ல சொல். அதனால்தான் பயமாக இருக்கிறது. ஒரு கேழ்வரகு விதை முளைத்தால் கதிர் நிறைய மணி கிடைக்கும். ஒரு கட்லா விரலி ரொம்பப் போனால் ஒரே ஒரு கட்லா ஆகும். எடை கூடும், எண்ணிக்கை கூடாது. ‘ஒரு தடவ விட்டாச்சு, இனி அதுவே பெருகிக்கும்’ என்று இரண்டாம் வருடம் குஞ்சு வாங்காமல் இருந்து ஏமாந்தவரை எனக்குத் தெரியும். விதைப்பு என்று எழுதினால் அந்த நினைப்புக்கு நாமே எரு போட்டதாகிவிடும். மீன்விதையிலும் இதே கோளாறு இருக்கிறது, ஆனால் அதை இப்போது கிளறினால் கையேடு அடுத்த ஆடிக்கும் முடியாது.

தண்ணீர்க் குழப்பத்தை ஒத்துக்கொள்கிறேன். பேச்சில்தான் தண்ணீரை விடுகிறோம், எழுத்தில் ‘நீர் திறப்பு’ நிலைத்துவிட்டது. இருந்தாலும் அணை பற்றிய பக்கங்களில் மட்டும் ‘குஞ்சு விடுகை’ என்று முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

வரத்தில் தோற்றேன். ‘வந்தேறு மீன்’ என்று எழுதிப்பார்த்து உடனே அடித்துவிட்டேன், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஏறுமீன் என்றால் புதுவெள்ளத்தில் எதிர்த்து ஏறுவது. கால்வாயில் தண்ணீரோடு இறங்கி வருவதற்கு அது பொருந்தாது. இப்போதைக்கு ‘தண்ணீரோடு வந்த மீன்’ என்றே போட்டிருக்கிறேன், யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். நாகமரையில் கிடைப்பது விட்ட மீன்தான் ஐயா. எந்தக் கரையில் விட்டாலும் தண்ணீர் ஒன்று, இருப்பும் ஒன்றுதான்.

நேற்று அதே ஏரிக்கரைக்குப் போய், கையேட்டின் கடைசிப் பக்கத்தில் வரும் கணக்குத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு கட்டம்: விடுகை, தண்ணீரோடு வந்தது, பிடிப்பு, இருப்பு. முதல் மூன்றையும் குத்தகைக்காரர் அங்கேயே நிரப்பிவிட்டார். நான்காவதில் ஒரு கோடு போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.