போகும்போது பூசை வைத்து அனுப்பினார்கள், திரும்பி வந்தபோது?

கடலோரத்துக்காரி

குடும்பமாக மறைப்பணிக்கு, அதாவது வெளியூரில் திருச்சபை வேலைக்கு, போய்த் திரும்பியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? யாராவது இந்தப் பேச்சை எடுப்பார்கள் என்று சில வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எடுக்கவில்லை, சரி, நானே ஆரம்பிக்கிறேன்.

எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊர். 2013-இல் நான், கணவர், ஐந்து வயது மகன், இரண்டு வயது மகள் நான்கு பேரும் அருணாச்சலப் பிரதேசம் போனோம். மியாவ் மறைமாவட்டத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார். எனக்குச் சின்ன வகுப்புகளும் விடுதிப் பெண்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையும். எங்கள் தெருவிலிருந்து சாமியார்களும் கன்னியர்களும் வடக்கே போயிருக்கிறார்கள், அது யாருக்கும் அதிசயமில்லை. குடும்பம் போனதுதான் அதிசயம். "சாமியாருக்குப் புள்ள குட்டி கெடையாது, போறாரு. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, பீடத்துக்கு முன்னால் எங்களை முழங்காலில் நிற்கவைத்து, பாதர் தலையில் கை வைத்து ஜெபித்தார். ஆளுக்கு ஒரு மரச்சிலுவை. ஊரே அழுதது. அப்புறம் கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ். நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல், நாட்டிலேயே மிக நீளமான ரயில் ஓட்டம், நாலு ராத்திரி. தின்சுகியாவில் இறங்கி, டிக்பாய் வழியாக ஜீப்பில் போய், எல்லைச் சாவடியில் உள்நுழைவு அனுமதிச்சீட்டைக் காட்டினால்தான் அருணாச்சலத்துக்குள் விடுவார்கள். நம் நாட்டுக்குள்ளேயே சீட்டு வாங்கிப் போவது முதல் தடவை வினோதமாக இருந்தது.

அங்கே வாழ்ந்ததைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது. கோடையில் காலை நாலரைக்கே வெளிச்சம் வந்துவிடும். மியாவ் 2005-இல்தான் மறைமாவட்டம் ஆனது, எல்லாமே புதுசு. உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்குச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதியர் (மறைக்கல்வி சொல்லித்தருபவர்) ஒருவர் மூங்கில் கோயிலில் ஆட்களைச் சேர்த்து ஜெபம் சொல்வார். சிங்ஃபோ பழங்குடி வீடுகளில் மூங்கில் குழாயில் அடைத்துப் புகைபோட்ட தேயிலையில் தேநீர் கொடுப்பார்கள், பால் சேர்க்க மாட்டார்கள். முதல் மடக்கு குடித்தபோது அடுப்படியையே குடிப்பது போல இருந்தது. ஊருக்கு வந்தபிறகு அதற்காகத்தான் நாக்கு ஏங்குகிறது.

நான் சொல்ல வந்தது 2017 நவம்பர் 30-ஐப் பற்றி. ஓகி புயல். நாங்கள் பள்ளியில் கிறிஸ்மஸ் குடிலுக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தோம். சிக்னல் இல்லை. மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. என் மாமன் மகன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. புறப்பட்டாலும் ஊர் சேர ஒரு வாரம் ஆகும். "போய் என்ன செய்யப்போகிறோம்" என்றார் கணவர். அன்று ராத்திரி பக்கத்து வீட்டுத் தாங்சா பழங்குடிப் பெண்கள் வந்து என்னோடு உட்கார்ந்தார்கள். யாரும் கடலைப் பார்த்ததில்லை. ஒருத்தி மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "கடல் நம்ம நோவா-திஹிங் ஆற்றைவிட எவ்வளவு அகலம்?" எனக்குப் பதில் வரவில்லை.

2019 மே மாதம் திரும்பினோம். மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டார், மகன் ஆறாம் வகுப்புக்குப் போகவேண்டும். பூசையும் இல்லை, சிலுவையும் இல்லை. ரயிலடியில் கொழுந்தனார் மட்டும் ஆட்டோவோடு நின்றார். அடுத்த நாளிலிருந்தே எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எவ்வளவு சேர்த்தீங்க?" கணவருக்கு ஆறு மாதம் வேலை கிடைக்கவில்லை. மகனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. புதுப் பள்ளியில் ஓர் ஆசிரியை வகுப்பு முன்னால், "நீ எந்த ஊரு இந்திக்காரன்?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை, தங்கைதான் சொன்னாள்.

ராத்திரி ஜெபத்தில் அவன் பாட்டி கட்டிலருகே நின்று "ஹே பிதா ஹமாரே" என்று ஆரம்பிப்பான். அவருக்கு ஒரு சொல்தான் புரியும். "பிதான்னு சொன்னாம்லா, போதும்" என்பார். அவருடைய கடைசி மாதங்களில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

என் ஜெபம்தான் வறண்டுவிட்டது. திருவிழா நேரம். பங்குப் பேரவையில் (கோயில் நிர்வாகக் குழு) வாணவேடிக்கைக்கு எவ்வளவு, சீரியல் லைட்டுக்கு எவ்வளவு என்று சண்டை. ஒலிபெருக்கி வாடகையில் அங்கே ஒரு கோயிலுக்குக் கூரை போடலாமே என்று பூசை நேரம் முழுக்க மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். திரும்பி வந்தவர்களுக்கு வருகிற நோய் இது, மற்றவர்களின் பக்தியை அளப்பது. மறைப்பணிக்குப் போய்வந்தவள் ஜெபிக்க முடியவில்லை என்று யாரிடம் சொல்வது?

அந்த அக்டோபரைத் திருத்தந்தை பிரான்சிஸ் சிறப்பு மறைபரப்பு மாதமாக அறிவித்திருந்தார். மறைபரப்பு ஞாயிறன்று எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். "கொடுக்கப் போனோம், வாங்கி வந்தோம்" என்று எல்லோரும் எதிர்பார்க்கிற வசனத்தையும் சொன்னேன். கைதட்டினார்கள். வெளியே வாசலில் என் மாமி நின்றாள், மகனைக் கடலில் விட்டவள். "அங்க உள்ள ஆளுவ பேரெல்லாம் மணிமணியா சொல்லுத மக்ளே. நம்ம ஊருல போனவனுவ பேரு தெரியுமா?"

எனக்கு இரண்டு பேர்தான் தெரிந்தது.

பேரவை முன்னாள் உறுப்பினர்

"எவ்வளவு சேர்த்தீங்க" என்று கேட்கிற ஆள் நான்தான், அதாவது என்னைப் போன்றவன். மதுரைப் பக்கம் எங்கள் பங்கிலிருந்து ஒரு குடும்பம் ஜார்க்கண்டில் ஏழெட்டு வருடம் இருந்துவிட்டு வந்தது. வந்த மறுவாரமே அந்தத் தம்பியை அன்பிய (அக்கம்பக்கத்து ஜெபக்குழு) பொறுப்பாளராக்கி, அவர் மனைவியை ஞாயிறு மறைக்கல்விக்குப் போட்டேன். அனுபவசாலிகள், சும்மா உட்காரவைக்கலாமா என்று நினைப்பு. மூன்று மாதத்தில் அவர்கள் வேறு கோயிலுக்குப் பூசைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கோபம். பிறகு ஒரு நாள் மாற்கு 6-ஆம் அதிகாரம் வாசகமாக வந்தது. அனுப்பப்பட்ட சீடர்கள் திரும்பி வந்து செய்ததையெல்லாம் சொல்கிறார்கள். அடுத்த வேலை என்ன என்று இயேசு பட்டியல் போடவில்லை. தனிமையான இடத்துக்கு வந்து கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்கிறார், சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்தார்களாம். நான் பெஞ்சில் நெளிந்தேன். அந்தத் தம்பியிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

காட்பாடியில் இறங்கியவள்

அக்கா, அதே ரயில். நாங்கள் காட்பாடியில் ஏறி திமாப்பூரில் இறங்குவோம். அப்பா அம்மா இரண்டு பேரும் நாகாலாந்தில் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். நான் உங்கள் மகன் இடத்தில் இருந்தவள், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நாகாலாந்தில் பாப்டிஸ்டுகள்தான் பெரும்பான்மை, கத்தோலிக்கர்கள் கொஞ்சம் பேர். ஞாயிற்றுக்கிழமை கடைவீதியே மூடிக்கிடக்கும். பாட்டென்றால் நாலு குரலில் பிரிந்து பாடுவார்கள், எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட ஆல்ட்டோ தெரியும். பதினாலு வயதில் வேலூர்ப் பக்கம் திரும்பினேன். பாடகர் குழுவில் சேர்ந்தால் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டி டிஸ்கோ தாளம் போடுகிறார்கள்! நான் இரண்டாம் குரலில் பாடினேன், "ஏம்மா சுருதி விட்டுப் பாடுற" என்று மைக்கைத் தள்ளி வைத்தார்கள். சின்ன விஷயம்தான். ஆனால் நான் அடுத்த இரண்டு வருடம் கோயிலுக்குப் போகாததற்கு அதுதான் காரணம். அப்பா அம்மா வேறு ஏதேதோ காரணம் நினைத்து நோன்பெல்லாம் இருந்தார்கள்.

இன்னொன்று. மறைப்பணிக்குப் போக முடிவெடுத்தது அவர்கள். எனக்கு அப்போது நாலு வயது, என்னை யாரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போதும் கேட்கவில்லை. அவர்களுக்கு அது வீடு திரும்புதல், எனக்கு அது ஊரை விட்டுப் போவது. உங்கள் மகனிடம் அங்குள்ள சிநேகிதர்களோடு பேசச் சொல்லுங்கள், இந்தியிலேயே பேசட்டும். "இனிமேல் தமிழ்தான்" என்று எங்கள் வீட்டில் சட்டம் போட்டார்கள். இன்றைக்கும் எனக்கு அது வலிக்கிறது. (இப்போது கோயிலுக்குப் போகிறேன், பாடுவதில்லை.)

ஓய்வுபெற்ற வேதியர்

அம்மா, வந்தவர்களை வரவேற்க முறை இல்லை என்கிறீர்கள். முறை இருந்தது, நாம்தான் விட்டுவிட்டோம். திருத்தூதர் பணிகள் 14, கடைசி வசனங்களைப் பாருங்கள். பவுலும் பர்னபாவும் தங்களை அனுப்பிய அந்தியோக்கியாவுக்கே திரும்பி வந்து, திருச்சபையைக் கூட்டி எல்லாவற்றையும் அறிவித்தார்கள், அங்கே நீண்ட நாள் தங்கியும் இருந்தார்கள். ஐந்து நிமிடம் என்று யாரும் மணி பார்க்கவில்லை.

குடும்பமாகப் போனவர்களுக்கு அக்கிலா, பிரிஸ்கில்லா இருக்கிறார்கள். கூடாரம் செய்து பிழைத்த தம்பதி. கிளவுதியு பேரரசன் யூதர்களை ரோமிலிருந்து விரட்டியதால் கொரிந்து வந்தார்கள், பிறகு எபேசு. உரோமையர் 16-இல் பவுல் வாழ்த்துச் சொல்லும்போது மறுபடி ரோமில் இருக்கிறார்கள், வீட்டில் சபை கூடுகிறது. திரும்பி வந்து அவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று வேதாகமத்தில் ஒரு வரியும் இல்லை. கூடாரத் தொழிலை மறுபடி தொடங்க வாடிக்கை பிடிக்கவே எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

உங்கள் மாவட்டத்துக்காரர் தேவசகாயம் பிள்ளையும் மனைவியோடு குடும்பம் நடத்தியவர்தானே. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு, 1752-இல் காற்றாடிமலையில் உயிர்விட்டார். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம், இந்தியப் பொதுநிலையினரில், அதாவது சாமியாரோ கன்னியரோ அல்லாதவர்களில், முதல் ஆள். குடும்பஸ்தனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கடலோரத்துக்காரி

எல்லோருக்கும் நன்றி. காட்பாடித் தங்கச்சி, நீ எழுதியதை மகனுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். இந்தியில் பேசுகிற சத்தம் கேட்டது, அதுவும் சிரிப்போடு. நான் ஏறிப் போகவில்லை.

மாமி கேட்டதற்குப் பிறகு என்ன ஆனது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன், ஜெபமாலை சொல்ல. அவள் ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெயர் சொல்வாள், ஓகியில் போனவர்கள் பெயர். எந்த வீடு, எந்த வள்ளம், மனைவி இப்போது என்ன செய்கிறாள் என்று இடையிடையே கதையும் வரும். ஜெபமாலை முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். முறைப்படி அது ஜெபமாலையே இல்லை, வேதியர் ஐயா மன்னிக்கவேண்டும். வறட்சி போய்விட்டதா என்றால் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் ஒலிபெருக்கி வாடகை ஞாபகத்துக்கு வருவதில்லை.

போன வாரம் அவளிடம் அந்தத் தாங்சாப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். கடல் ஆற்றைவிட எவ்வளவு அகலம் என்று கேட்டதையும், நான் பதில் சொல்லாததையும். மாமி மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவள ஒரு நாளு இங்க கூட்டிட்டு வா மக்ளே. நான் காட்டிக் குடுக்கேன்."