மறுநிரப்பு பிரஸ்ஸுக்காக மேசையை வலுப்படுத்துவது எப்படி?

கேள்வி:
பயன்படுத்திய தோட்டா உறைகளை மீண்டும் நிரப்புவதற்காக, வார்ப்பிரும்பாலான கனமான பிரஸ் ஒன்றை 18 மி.மீ. பிளைவுட் மேசையின் முன்விளிம்பில் மரத்திருகுகளால் பொருத்தியுள்ளேன். நீண்ட ரைஃபிள் உறைகளை, அவற்றின் வடிவத்தைச் சரிசெய்யும் அச்சான டையினுள் கைப்பிடியை அழுத்திச் செலுத்தும்போது பலகை வளைகிறது. இறுகிய உறையை வெளியே எடுக்கக் கைப்பிடியை உயர்த்தினால், மேசையின் முன்கால்களே தரையை விட்டு எழும்புகின்றன. மேசையை மாற்றத்தான் வேண்டுமா?

பதில் 1:
வேண்டியதில்லை, முதலில் அந்தத் திருகுகளைக் கழற்றிவிடுங்கள். விளிம்புக்கு 30 செ.மீ. முன்னால் உள்ள கைப்பிடியை 20 கிலோ விசையுடன் அழுத்தினால், விளிம்பிலிருந்து 10 செ.மீ. உள்ளே இருக்கும் பின்பக்கப் பிடிப்புகள் ஏறத்தாழ 60 கிலோ விசையுடன் மேல்நோக்கி இழுபடும் என்பதால், மரத்திருகுகள் நாளடைவில் தளர்ந்தே தீரும். பலகையை முழுவதுமாகத் துளைத்துச் செல்லும் போல்ட்டுகளைப் போட்டு, அடியில் 6 மி.மீ. எஃகுத் தகடு வையுங்கள். அதே தடிமனில் இன்னொரு பிளைவுட்டையும் சேருங்கள். வெறுமனே அடுக்கினால் விறைப்பு இரு மடங்காகும், பரப்பு முழுவதும் பசையிட்டு ஒன்றாக்கினாலோ எட்டு மடங்காகும்.

பதில் 2:
பலகை எவ்வளவு தடித்தாலும் கால்கள் எழும்புவது நிற்காது. மேசையின் பின்சட்டத்தைச் சுவரோடு போல்ட்டிட்டு இறுக்குவதுதான் அதற்குத் தீர்வு. பிரஸ்ஸை இரு கால்களுக்கு நடுவில் வைக்காமல் ஒரு காலுக்கு நேர்மேலே நகர்த்தினால் பலகை வளைவதும் குறையும். சுவரைத் துளைக்க இயலாதென்றால் கீழ்த்தட்டில் எடை ஏற்றுங்கள். ஈயக் குண்டுப் பெட்டிகளை எப்படியும் எங்காவது வைத்துத்தானே ஆக வேண்டும். வெடிமருந்தை நிறுக்கும் தராசை மட்டும் இந்த மேசையில் வைக்காதீர்கள். அதிர்வு அளவீட்டைக் கெடுக்கும்.

பதில் 3:
துளையிடுவதற்கு முன், பிரஸ்ஸைக் கிளாம்ப்பால் பிடித்து, கைப்பிடியை முழுவீச்சில் மேலும் கீழும் இயக்கிப் பாருங்கள். இதைச் செய்யாமல் துளையிட்ட நான், கீழே இறங்கும் இணைப்புக்கரங்கள் முன்சட்டத்தில் இடித்ததால், அந்தச் சட்டத்தை உளியால் செதுக்க நேர்ந்தது.

கேட்டவர்:
நன்றி. புதிய பிளைவுட்டை மேலே ஒட்டுவதா, அடியிலா?

பதில் 1:
மேலே ஒட்டுங்கள். அடியில் ஒட்டினால் கால்களையும் சட்டங்களையும் சுற்றி வெட்ட வேண்டியிருக்கும், முழுப்பரப்பும் ஒட்டாது. மரம் அழுந்தி இறங்கும் என்பதால், முதல் சில நாள் பயன்பாட்டுக்குப் பின் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.