லுங்கித் துண்டும் பழைய பட்டும் சேர்த்து ஒட்டுப்போர்வை: மூலை சேரவில்லை, உதவுங்கள்

சத்துவாச்சாரி மகள்:
வணக்கம். என் அப்பா குடியாத்தத்தில் 30 வருஷம் லுங்கி நெய்தவர். கண் மங்கியதும் தறியை விட்டுவிட்டார். போன மாதம் பரணில் இருந்த ட்ரங்குப் பெட்டியைத் திறந்தால், அவர் எடுத்துவைத்த மாதிரித் துண்டுகள். கருநீலம், மெரூன், பாசிப்பச்சை, ஒவ்வொன்றிலும் ஒரு தினுசுக் கட்டம். அடியில் அம்மாவின் கல்யாணப் பட்டு, ஆரணியில் எடுத்தது. விரித்தால் மடிப்பு இருந்த இடமெல்லாம் கீறல்.

இரண்டையும் சேர்த்து அப்பாவுக்கு ஒரு போர்வை தைக்க வேண்டும். கை பழக 16 துண்டு தைத்துப் பார்த்தேன். கட்டத்தின் கோட்டைப் பிடித்து, நீளத்தில் 12 கட்டம், அகலத்தில் 12 கட்டம் என்று எண்ணித்தான் வெட்டினேன். அப்படியும் மூலைகள் சேரவில்லை. துவைத்ததும் பருத்தி இழுத்துக்கொண்டது, பட்டு சுருக்கம் சுருக்கமாக நிற்கிறது. மெரூன் சாயம் பக்கத்துச் சந்தன நிறத்தில் இறங்கிவிட்டது. எங்கே தப்பு?

காட்பாடி டெய்லர்:
தங்கச்சி, கட்டத்தை எண்ணியதுதான் தப்பு. கைத்தறியில் பாவு நூலும் (நீளவாட்டில் ஓடுவது) ஊடை நூலும் (குறுக்கே ஓடுவது) ஒரே நெருக்கத்தில் விழாது. பார்வைக்குச் சதுரமாக இருக்கும், டேப் வைத்தால் ஒரு பக்கம் கொஞ்சம் கூடும். ஒரு துண்டை நேராகவும் அடுத்ததைத் திருப்பியும் வைத்தால் மூலை எப்படிச் சேரும்? கெட்டி அட்டையில் 5 இஞ்ச் சதுரம் ஒன்று வெட்டி, அதை வைத்தே எல்லாத் துண்டையும் வெட்டுங்கள். கோடு, துணி நேராக இருக்கிறதா என்று பார்க்க மட்டும்.

தையலுக்கு எல்லாப் பக்கமும் கால் இஞ்ச் விடுங்கள். தைத்தபின் ஒரு துண்டு நாலரை இஞ்ச் நிற்கும். அகலத்துக்கு 13, நீளத்துக்கு 20, ஆக 260 துண்டு. ஒற்றைக் கட்டிலுக்குப் போதும்.

வெட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். மெரூனைத் தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். கல் உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள், அதை நம்பி வெளிர் துணியோடு சேர்க்காதீர்கள். ஈரத் துண்டின் மேல் வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள். கறை ஏறினால் இன்னும் அலசணும்.

அப்புறம், நம் ஊர் வெயிலுக்கு நடுவில் பஞ்சு வேண்டாம். பழைய வாயில் (மெல்லிய பருத்தி) புடவையை இரண்டாக மடித்து வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டு மூன்று அடுக்கையும் பிடித்த பிறகு மெஷினில் ஏற்றுங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் துணி நடுவில் கூடிப் புடைத்துக்கொள்ளும்.

ஆரணி அக்கா:
கண்ணு, பட்டைப் போர்வையில் சேர்க்காதே. இற்ற பட்டு அடிக்கடி துவைத்தால் தாங்காது, ஜரிகையும் உடம்பில் உறுத்தும். மடிப்பு படாத பாகத்தை மட்டும் வெட்டி, பின்னால் மெல்லிய மல் துணி வைத்து உனக்கு ஒரு சுடிதார் டாப்ஸில் யோக்காக (தோளும் மேல்மார்பும் சேர்ந்த பாகம்) தைத்துக்கொள். மெஷினில் 11ஆம் நம்பர் ஊசி போடு, தடித்த ஊசி பட்டு நூலை அறுக்கும். மீதிப் புடவையை மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பு மாற்றி வை.

சத்துவாச்சாரி மகள்:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. டெய்லர் அண்ணா எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு கருநீலத் துண்டை வாங்கி, கட்டைவிரல் நகத்தால் முதலில் நீளவாட்டில் வருடினார், பிறகு குறுக்கே. "இது பாவு, இது ஊடை. ஊடையைக் கொஞ்சம் தளர்த்தி அடிச்சிருக்கேன், அந்தப் பக்கம்தான் நீளும்" என்றார். கண்ணுக்கு அருகில்கூடக் கொண்டுபோகவில்லை.

அட்டையில் சதுரம் வெட்டியாயிற்று. மெரூன் இப்போது நான்காவது வாளித் தண்ணீரில் ஊறுகிறது, இன்னும் லேசாக இளஞ்சிவப்பு தெரிகிறது. ஒவ்வொரு துண்டிலும் பாவு எந்தப் பக்கம் என்று அப்பா தடவிச் சொல்கிறார், நான் மூலையில் சாக்பீஸ் புள்ளி வைக்கிறேன். இன்றைக்கு 40 முடிந்தது. பட்டில் யோக் வைக்க எந்த நிறத் துணி எடுக்கலாம்? புடவை மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை.